கால்நடையாய்க் கண்ட நெய்வேலி

‘உள்ளூர் மாடு விலை போகாது’ என்பது முன்னோர் மொழி. மாட்டுக்கு மட்டுமன்று, ஊருக்கும் அது பொருந்தும் போலும்! கோடை விடுமுறை வந்துவிட்டால் உதகைக்கும் கொடைக்கானலுக்கும் மூட்டை கட்டும் குடும்பங்களை நம் பங்கில் ஆண்டுதோறும் காண்கிறோம். குளிர்ந்த காற்று வேண்டாமென்று யார் சொல்வார்? ஆயினும் சென்ற கோடையில் மறைக்கல்வி வகுப்பில் ஒரு சிறுவன், “ஃபாதர், நாங்கள் எங்கேயும் போகவில்லை. நெய்வேலியில் பார்க்க என்ன இருக்கிறது?” என்று வினவியபோது நமக்குச் சட்டென விடை கிடைக்கவில்லை. இவ்வூரிலேயே வாழ்ந்தும் விடை தெரியாத அந்த வெட்கமே நம்மை நடக்க வைத்தது. சிறுவர் பன்னிருவர், பெற்றோர் சிலர், பங்கின் முதியவர் ஒருவர் ஆகியோருடன் மூன்று சனிக்கிழமைகள் புறப்பட்டோம். குடிநீர், கட்டுச்சோறு, ஒரு குறிப்பேடு, வேறொன்றும் தேவைப்படவில்லை.

முதற் சனிக்கிழமை விடியற்காலையில் நகரியத்தைச் சுற்றி வந்தோம். நேர்கோடிட்டாற்போன்ற சாலைகள், இருமருங்கிலும் நிழல் மரங்கள், எண்ணிட்ட வட்டங்கள். நம் ஊரில் ஒருவர் முகவரி சொல்லும்போது வட்டத்தின் எண்ணைத்தான் முதலில் சொல்வார். தெருவில் விளையாடும் பிள்ளைகளிடையே தமிழோடு தெலுங்கும் மலையாளமும் இந்தியும் கலந்து ஒலிக்கும். நாட்டின் பல திசைகளிலிருந்தும் வேலைக்கு வந்தோர் கூடி வாழும் ஊரன்றோ இது!

இவ்வூர் தோன்றிய கதையைப் பிள்ளைகளுக்குச் சொன்னோம். 1930களில் ஜம்புலிங்க முதலியார் தம் நிலத்தில் கிணறு தோண்டுகையில், நீரோடு கரிய பொருளொன்றும் வெளிவரக் கண்டார். அதுவே பழுப்பு நிலக்கரி. அவர் தம் நிலங்களையும் இதற்கென வழங்கினார். 1956இல் நிறுவனம் உருவாயிற்று. 1957 மே 20ஆம் நாள் பிரதமர் நேரு சுரங்கப் பணியைத் தொடங்கி வைத்தார். மேல்மண்ணை அகற்றி நிலக்கரியை எட்டியது 1961இல். சோவியத் நாட்டின் உதவியோடு எழுந்த அனல்மின் நிலையம் மின்சாரம் தரத் தொடங்கியது 1962இல். தமிழகத்தின் எத்தனையோ சிற்றூர்களில் முதல் விளக்கெரியத் துணைநின்ற அந்த 600 மெகாவாட் நிலையம் 2020இல் தன் பணியை முடித்துக்கொண்டது. பெற்றோருள் ஒருவர், தம் தந்தையார் அங்கே முப்பதாண்டுகள் உழைத்தவரென்று கூறிச் சற்று நேரம் மௌனமானார்.

இரண்டாம் சனிக்கிழமை மாலையில், சுரங்க மண்ணைக் கொட்டி மரம் வளர்த்த மேட்டுப் பக்கமாக நடந்தோம். தொலைவில் பள்ளம் விரிந்து கிடந்தது. இராட்டினம்போல் சுழலும் பெருஞ்சக்கரத்தில் பொருத்திய வாளிகள் மண்ணை அள்ளி அள்ளி ஓடும் பட்டையில் இடுகின்றன. நிலக்கரிப் படிவத்தின் அடியில் பெரும் அழுத்தத்தோடு நிலத்தடி நீர் தேங்கி நிற்கிறது. அதை இரவு பகலாய் இறைத்து அழுத்தத்தைக் குறைக்காவிடில் நீர் சுரங்கத்தின் தரையையே பிளந்துகொண்டு பொங்கிவிடும். இவ்வாறு வெளியேறும் நீரில் ஒரு பகுதி வாலாஜா ஏரிக்குச் சென்று வயல்களுக்கும் பாய்கிறது. ஒரு பக்கம் நிலத்தடி நீர் இறைக்கப்படுகிறது. மறுபக்கம் பயிர் நனைகிறது. இவ்வூரில் எதையும் ஒரு சொல்லால் நன்றென்றோ தீதென்றோ சொல்லிவிட இயலாது.

அப்போது நம்முடன் வந்த முதியவர் கைத்தடியை உயர்த்திப் பள்ளத்தின் நடுவே வெற்றுவெளியைச் சுட்டிக் காட்டினார். “சாமி, அதோ அந்த இடத்திலேதான் எங்கள் வீட்டு வாசல். வாசலிலே ஒரு வேப்பமரம். நான் சிறு பிள்ளையாயிருந்தபோது ஊரைக் காலி பண்ணச் சொன்னார்கள்.” பிள்ளைகள் அவர் காட்டிய திசையை உற்று நோக்கினர். அங்கே நிலமும் இல்லை, மரமும் இல்லை, காற்றே இருந்தது. “தாத்தா, உங்கள் ஊருக்கு என்ன பெயர்?” என்று ஒரு சிறுமி கேட்டாள். அவர் சொன்னார். அவள் அதைக் குறிப்பேட்டில் எழுதி, எழுத்துப் பிழையில்லையே என்று அவரிடமே காட்டினாள். அவர் கண்களைத் துடைத்துக்கொண்டார். “இந்தப் பெயரை யாரும் கேட்டு எத்தனையோ வருஷம் ஆச்சு, சாமி” என்றார்.

நமக்கு நெஞ்சு கனத்தது. விளக்கின் அடியில் உட்கார்ந்து படித்தோம். அவ்விளக்குக்காக எவருடைய வாசல் பெயர்ந்ததென்று கேட்டதில்லை. இது பழங்கதையுமன்று. 2023 ஜூலையில் வளையமாதேவியில், வளர்ந்து நின்ற நெற்பயிர்மீது கால்வாய் வெட்ட இயந்திரங்கள் இறங்கியதை நாடே கண்டது. மின்சாரமும் வேண்டும், உழவனின் வயலும் வேண்டும். இவ்விரண்டுக்கும் நடுவே நியாயம் காண்பது எளிதன்று. ஆனால் இழந்தவரின் பெயரையேனும் நினைவிற்கொள்வது எவருக்கும் இயலுவதன்றோ?

மூன்றாம் சனிக்கிழமை பேருந்தேறினோம். முதலில் வடலூர். 1867 மே 23ஆம் நாள் இராமலிங்க வள்ளலார் தருமச்சாலையில் மூட்டிய அடுப்பு இன்றுவரை அணையவில்லை. பசித்து வந்தோருக்குச் சோறு ஆகிக்கொண்டேயிருக்கிறது. 1872இல் தொடங்கிய சத்திய ஞான சபையையும் கண்டோம். எம்மதத்தவராயினும் பசித்தவனுக்கு முன் இலை விரிக்கும் அவ்விடத்தில் நம் பிள்ளைகள் பந்தியில் அமர்ந்து உண்டனர்.

அங்கிருந்து விருத்தாசலம் வழியாகக் கோணான்குப்பம். இத்தாலி நாட்டில் 1680இல் பிறந்து, தமிழுக்குத் தேம்பாவணியும் சதுரகராதியும் தந்த வீரமாமுனிவர் எழுப்பிய மாதா ஆலயம் இங்குள்ளது. முகாசாபரூர்க் கச்சிராயர் என்னும் பாளையக்காரரின் ஆதரவு அதற்குக் கிடைத்ததென ஊரார் வழிவழியாகச் சொல்லி வருகின்றனர். மாதா இங்கே தமிழ்ப் பெண்ணின் கோலத்தில் நிற்கிறாள், பெயரோ பெரியநாயகி. விருத்தாசலத்துக் கோயிலில் உறையும் அம்மனுக்கும் பெரியநாயகி என்பதே பெயர். வேற்று நாட்டிலிருந்து வந்தவர் இம்மண்ணின் மக்கள் நாவில் பழகிய பெயரையே தேர்ந்தெடுத்தார். ஊரை நேசிப்பதற்கு அவ்வூரில் பிறந்திருக்க வேண்டுமென்பதில்லை என்று அந்த ஆலய முற்றத்தில் உணர்ந்தோம்.

நெய்வேலி நகரியத்தில் குடியிருப்போருக்கு அது முக்கியமான பாடம். பணி ஓய்வு பெற்ற நாளில் குடியிருப்பின் சாவியைத் திருப்பிக் கொடுத்துவிட்டுச் செல்ல வேண்டியவர்கள் அவர்கள். பங்குக் குருவாகிய நமக்கும் மாற்றல் கடிதம் எந்நாளும் வரலாம். முற்றத்து மாமரத்தை நட்டவர் ஒருவர், அதன் கனியை உண்பவர் வேறொருவர். ஆகவே இங்குச் சொந்தம் கொண்டாட நமக்கு நிலமில்லை; நினைவு மட்டுமே உண்டு.

அன்புப் பெற்றோரே, உங்களிடம் ஒரு வேண்டுகோள். அடுத்த விடுமுறையில் ஒரு மாலையேனும் பிள்ளைகளின் கைபிடித்து உங்கள் ஊரைச் சுற்றி நடந்து வாருங்கள். ஏரிக்கு யார் கரையிட்டார், தெருவுக்கு ஏன் இப்பெயர் வந்தது என்று கேட்டறியுங்கள். எல்லாவற்றிற்கும் மேலாக, ஊரில் மூத்தவர் ஒருவரை உடன் அழைத்துச் செல்லுங்கள். அவர் சொல்வதைப் பிள்ளைகள் எழுதிக்கொள்ளட்டும்.

நம் பங்கின் குறிப்பேட்டில் இப்போது பதினொரு ஊர்களின் பெயர்கள் சேர்ந்துள்ளன. செய்தி பரவியதும் வேறு சில முதியோர் தாமாகவே வந்து சொன்னவை அவை. கேள்வி கேட்ட அச்சிறுவனே அவற்றை முத்து முத்தாய்ப் படியெடுத்திருக்கிறான். நெய்வேலியில் பார்க்க என்ன இருக்கிறதென்று அவன் இப்போது நம்மைக் கேட்பதில்லை. அடுத்த சனிக்கிழமை எப்போது என்றுதான் கேட்கிறான்.