காற்றுக்கே வேலி... எல் சால்வடாரின் காபி மலை!

எல் சால்வடார் நாட்டின் மேற்கு மலைகளில் வளைந்து வளைந்து ஏறும் ஒரு சாலைக்கு ‘பூக்களின் பாதை’ என்று பெயர். அந்தப் பாதையில், கடல் மட்டத்திலிருந்து 1,400 மீட்டருக்கும் மேலே இருக்கிறது அபானேகா என்ற சிற்றூர். நவாட் என்ற பழங்குடி மொழியில் இதற்கு ‘காற்றாறு’ என்று பொருள் சொல்கிறார்கள்.

பொருத்தமான பெயர்தான். காபிப் பழம் பழுக்கும் மாதங்களில் வடக்கிலிருந்து பலத்த காற்று வீசும். செடியை அலைக்கழித்துப் பழத்தை உதிர்த்துவிடும். அதனால், தோட்டத்தைச் சுற்றி மரங்களை நெருக்கமாக நட்டு, சுவர்போல வெட்டி வளர்க்கிறார்கள். தூரத்திலிருந்து பார்த்தால், மலைச்சரிவு முழுக்கப் பச்சைக் கட்டம் போட்டதுபோல இருக்கும்.

அந்தக் கட்டங்களுக்குள் நிழல் மரங்கள்; அவற்றின் அடியில் காபிச் செடிகள். மத்திய அமெரிக்காவில் பெலிஸை அடுத்து மக்கள் தொகை குறைந்த நாடல்ல இது. பரப்பில் சிறியது, மக்கள் நெருக்கமோ மிக அதிகம். இயற்கைக் காடு கொஞ்சமே மிச்சம். பறவைகளுக்குக் கூடும், மழைநீரைப் பிடித்துவைக்கும் மண்ணும் இந்தத் தோட்டங்கள்தான். காபி கட்டுப்படியாகாவிட்டால் மரங்களும் போய்விடும்.

அதைக் கட்டுப்படியாக்கும் ரகங்களில் ஒன்று, ‘பக்காமாரா’. 1949-ல் இந்நாட்டுத் தோட்டம் ஒன்றில் கண்டெடுக்கப்பட்டது ‘பக்காஸ்’ என்ற குட்டைச் செடி. அதையும், பெரிய கொட்டை தரும் ‘மரகோஹிப்பே’ ரகத்தையும் கலந்து, 1958-ல் இங்குள்ள ஆராய்ச்சியாளர்கள் இதை உருவாக்கத் தொடங்கினார்கள். தரமான காபியைத் தேடி வாங்குபவர்கள், இதன் சுவைக்காக நல்ல விலை தருகிறார்கள்.

ஆனால், பக்காமாராவுக்கு ஒரு பலவீனம் உண்டு. இலைத்துரு நோயை அதனால் தாங்க முடியாது. 1869-ல் இலங்கையில் பதிவாகி, அங்கே காபியை அழித்துத் தேயிலைக்கு வழிவிட்ட அதே நோய்! 2012-ல் மத்திய அமெரிக்கா முழுக்க அது பரவியது. 2013-14 பருவத்தில் எல் சால்வடாரின் அறுவடை, முந்தைய ஆண்டில் பாதிக்கும் கீழே சரிந்தது.

நோய் தாங்கும் ரகத்தை நட்டால் விளைச்சலுக்கு உத்தரவாதம். பக்காமாராவை நட்டால் நல்ல விலை, கூடவே பயமும். ஒவ்வொரு விவசாயியும் இதில் ஒன்றைத் தேர்ந்தெடுக்க வேண்டும். மலையில் மரங்கள் நிற்குமா என்பதும் அந்த முடிவில்தான் இருக்கிறது.