கெலிஓயாவிலிருந்து சிங்கராஜ வரை ஒரு கெமரா பை

கண்டியிலிருந்து கம்பளை செல்லும் பாதையில், பேராதனையைத் தாண்டிச் சில கிலோமீட்டர் வந்தால் எங்கள் கெலிஓயா. ரயில் பாதையும் மகாவலி கங்கையும் ஊரை ஒட்டியே போகின்றன. வீட்டுத் தோட்டங்களில் மிளகுக் கொடி ஏறாத மரத்தைக் காண்பது அரிது. கராம்பு காயப் போடும் நாட்களில் தெருவெல்லாம் மணக்கும். இப்படி ஓர் ஊரில் குடியிருப்பவள், காடு பார்க்கப் போகிறேன் என்று கெமராவைத் தூக்கினால் வீட்டில் சிரிக்கத்தானே செய்வார்கள்!

"ஏன் மகள், பின்னால இருக்கிற தோட்டம் போதாதா? அட்டைக்கு ரத்தம் குடுக்க அவ்வளவு தூரம் போகணுமா?" என்று மாமி கேட்டார்.

அவர் கேட்டதில் தப்பில்லை. ஆனால் எனக்கு நாற்பத்து மூன்று வயதாகிவிட்டது. இரண்டு வருடம் சீட்டுப் பிடித்து, அந்தக் காசில் பாவித்த கெமரா ஒன்றை வாங்கி வைத்திருந்தேன். அதை வைத்துக்கொண்டு பிள்ளைகளின் பாடசாலை விளையாட்டுப் போட்டியை மட்டும் எடுப்பதில் மனம் நிறையவில்லை.

எங்கள் வீடுகளில் பயணம் என்றால் பெண்களுக்கு என்ன வேலை என்பதை இதை வாசிக்கும் சகோதரிகளுக்குச் சொல்ல வேண்டியதில்லை. சோற்றுப் பார்சல், பிளாஸ்க், பாய், முஸல்லா, சின்னவனின் இருமல் மருந்து என்று எல்லோருடைய பைகளையும் கட்டுவது நாம்தான். நம் பை என்று ஒன்று இருப்பதில்லை. நம்முடைய மாற்று உடுப்பு யாராவது ஒரு பிள்ளையின் பைக்குள் ஒரு மூலையில் போகும். கெமரா பைதான் எனக்கென்று நான் கட்டிய முதல் பை. கட்டத் தெரியாமல் கட்டினேன்.

முதலில் வாப்பாவின் கெமராவைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். பிலிம் சுருள் போடும் பழைய கெமரா. எங்களை எங்கே அழைத்துப் போனாலும் வாப்பா அதைக் கழுத்தில் மாட்டிக்கொள்வார். எல்லாப் படத்தையும் அவரே எடுத்ததால் எந்தப் படத்திலும் அவர் இருக்க மாட்டார். அவர் மௌத்தான பிறகு உம்மா அதைத் தோல் உறையில் போட்டு, துணியில் சுற்றி, அலுமாரியின் அடியில் பத்திரமாக வைத்தார். பதினொரு வருடம் கழித்து எடுத்துப் பார்த்தபோது லென்ஸுக்குள்ளே சிலந்தி வலை பின்னியது போல வெள்ளை இழைகள். பூஞ்சணம்! கண்டியில் கெமரா திருத்தும் தம்பி ஒருவரிடம் கொண்டு போனேன். அவர் அதை வெளிச்சத்துக்கு நேரே பிடித்துப் பார்த்துவிட்டுச் சொன்னார்: "கழுவலாம் ராத்தா. ஆனா இது கண்ணாடியின் மேல்பூச்சைத் தின்றிருக்கு. அது திரும்ப வராது. பத்திரமா வைச்சதாலதான் பழுதாப் போச்சு."

தோல் உறை ஈரத்தை உறிஞ்சி வைத்துக்கொள்ளும். துணியும் அப்படியே. அலுமாரிக்குள் காற்றும் இல்லை, வெளிச்சமும் இல்லை. காற்றின் ஈரப்பதம் நாட்கணக்கில் 60 சதவீதத்துக்கு மேல் நிற்குமானால் பூஞ்சணத்துக்கு அதுவே போதும் என்றார் அந்தத் தம்பி. மலைநாட்டில் மழைக்காலத்தில் உப்புப் போத்தலே தண்ணீராய்ப் போகிறதே, லென்ஸ் மட்டும் தப்புமா? உள்ளே இருந்த பிலிம் சுருளையும் கழுவிப் பார்த்தோம். ஒரு படத்தில் மட்டும் உம்மாவின் குடை தெரிந்தது.

இவ்வளவும் கண்ட பிறகும் முதல் பயணத்துக்குப் பை கட்டும்போது எனக்கு ஈரத்தின் நினைவே வரவில்லை. வந்ததெல்லாம் தூரத்தின் நினைவுதான். தூரத்துப் பறவைக்கு ஒரு நீண்ட லென்ஸ் வேண்டும், அதை அசையாமல் பிடிக்க முக்காலி வேண்டும், இருட்டுக்கு பிளாஷ் வேண்டும் என்று, தெரிந்தவர்களிடம் இரவல் வாங்கி அடுக்கினேன். பை ஒரு சின்னப் பிள்ளையின் பாரம் இருந்தது.

பயணம் சிங்கராஜவுக்கு. தங்கச்சி மாப்பிள்ளையின் வேனில் சுபஹ் தொழுதுவிட்டுப் புறப்பட்டோம். கம்பளை, நாவலப்பிட்டி தாண்டி கினிகத்தேனையில் பாதை பிரிகிறது. ஒன்று ஹட்டன் பக்கம் ஏறும், மற்றது கித்துல்கல, அவிசாவளைப் பக்கம் இறங்கும். நாங்கள் இறங்கும் பாதையில் போய், இரத்தினபுரி, கலவானை வழியாகக் குடாவைக்குச் சேர்ந்தோம். சிங்கராஜவின் வடமேற்கு வாசல் அது. அங்கே அனுமதிச் சீட்டு எடுக்க வேண்டும். வழிகாட்டி ஒருவரும் கூட வருவார்.

வழி நெடுகப் பிள்ளைகளுக்கு வேர்க்கக் கூடாது என்று வேனில் ஏசி ஓடியது. கெமரா பை பின் இருக்கைக்கு அடியில், பாய்க்கும் சோற்றுப் பார்சலுக்கும் கீழே. இறங்கி ஐந்து நிமிடம்கூட இருக்காது, எங்கள் தலைக்கு மேல் ஒரு கிளையில் வந்து உட்கார்ந்தது அந்தப் பறவை. சிங்களத்தில் கெஹிபெல்லா என்பார்கள். காக்கைக் குடும்பம்தான், ஆனால் என்ன நிறம்! நீல உடம்பு, கபில நிறத் தலை, சிவந்த அலகு, சிவந்த கால். இலங்கையைத் தவிர உலகில் வேறெங்கும் இல்லாத பறவை. பாயை இழுத்து, பார்சலைத் தள்ளி, பையை எடுத்து, கெமராவைக் கண்ணில் வைத்தால் ஒரே வெள்ளை! துடைத்தேன், மீண்டும் வெள்ளை. முந்தானையால் துடைத்தேன், வெள்ளையோடு கோடும் விழுந்தது. குளிர்ந்த கிளாசுக்கு வெளியே தண்ணீர் பூப்பது போல, ஏசியில் குளிர்ந்திருந்த லென்ஸ் காட்டின் ஈரக் காற்று பட்டதும் வேர்த்துவிட்டது. பறவை எங்களை ஆற அமரப் பார்த்துவிட்டுப் போனது. மகள் தன் போனில் எடுத்த படம்தான் எங்கள் வீட்டில் இன்றும் இருக்கிறது.

அன்று முழுவதும் நான் பாரம் சுமந்ததுதான் மிச்சம். நடுப்பகலில் மழை பிடித்தது. முக்காலியை மகனும் மாப்பிள்ளையும் மாறி மாறித் தூக்கினார்கள், ஒரு தடவைகூட விரிக்கவில்லை.

வீடு வந்ததும் கெமராவை அலுமாரியில் வைக்கக் கை போனது. வாப்பாவின் லென்ஸ் ஞாபகம் வந்து நின்றேன். அன்றிலிருந்து என் கெமரா, காற்றுப் புகாத பெரிய பிளாஸ்டிக் சாப்பாட்டுப் பெட்டி ஒன்றில்தான் இருக்கிறது. ரப்பர் விளிம்பு வைத்து, நான்கு பக்கமும் அழுத்தி மூடும் பெட்டி. உள்ளே சிலிக்கா ஜெல் பைகள். புதுச் சப்பாத்துப் பெட்டியிலும் மருந்துப் போத்தலிலும் வருகிற அந்தச் சின்ன வெள்ளைப் பைகளைத்தான் சொல்கிறேன், எறிந்துவிடாதீர்கள். நிறம் மாறும் மணிகள் கடையிலும் கிடைக்கும். ஈரத்தை உறிஞ்சியதும் நீலம் ரோசாவாகும். இளஞ்சூட்டில் காய வைத்தால் திரும்ப நீலமாகும். ஆனால் நீல மணிகளில் சேரும் கோபால்ட் உப்பு நச்சுத்தன்மை உள்ளது. அதைக் காய வைக்கும் சட்டி கறிக்குப் பாவிக்கும் சட்டியாக இருக்கவே கூடாது, பிள்ளைகளின் கையிலும் படக் கூடாது. சிலர் அரிசிக்குள் கெமராவைப் புதைக்கச் சொல்கிறார்கள். அரிசி மா லென்ஸின் இடுக்கில் போய் உட்கார்ந்தால் அது வேறு தொல்லை.

இரண்டாம் பயணத்துக்கு முன் சும்மா இருக்கவில்லை. பக்கத்தில்தானே பேராதனைப் பூங்கா! 1821இல் தொடங்கிய தாவரவியல் பூங்கா, 147 ஏக்கர், மூன்று பக்கமும் மகாவலி வளைந்து ஓடுகிறது. மூன்று வெள்ளிக்கிழமை பின்னேரங்கள் அங்கே போனேன். உச்சி மரங்களில் பெரிய பழந்தின்னி வௌவால்கள் நூற்றுக்கணக்கில் தொங்கும். வெளிச்சமான வானத்துக்கு எதிரே அவற்றை எடுத்தால் கரித்துண்டு போல வந்தது. கெமராவில் வெளிச்சத்தைக் கூட்டும் அளவைப் பிளஸ் ஒன்றுக்கு வைத்தபோதுதான் அவற்றின் செம்பட்டை மயிர் தெரிந்தது. இரவல் வாங்கிய நீண்ட லென்ஸ் இல்லாமலே என்னென்ன முடியும் என்பதும் அங்கேதான் விளங்கியது. ஆகவே அதை உரியவரிடம் திருப்பிக் கொடுத்துவிட்டேன்.

இரண்டாம் தடவை என் பையில் இருந்தவை இவ்வளவுதான்: கெமரா, அதோடு வந்த சாதாரண லென்ஸ், இருட்டுக்கென்று 50 மில்லிமீட்டர் சின்ன லென்ஸ் ஒன்று, மேலதிகமாக ஒரு பெட்டரி, ஒரு மெமரி கார்ட், லென்ஸ் துடைக்கும் துணி இரண்டு, கெமரா நனைந்தால் ஒற்றியெடுக்கச் சின்னத் துவாய் ஒன்று, பெரிய பொலித்தீன் பைகள் நான்கு. முக்காலிக்குப் பதிலாக ஒரு பயற்றுப் பை. பழைய சாரத் துணியில் தலையணை போல் தைத்து, ஒரு கிலோ பாசிப்பயறு நிரப்பி வாயைத் தைத்துவிட்டேன். கல்லிலோ விழுந்த மரத்திலோ அதை வைத்து, அதன் மேல் கெமராவை அழுத்தினால் அசையாது. மாமி அதைத் தூக்கிப் பார்த்துவிட்டு, "காட்டிலயும் சமைக்கப் போறியா?" என்றார்.

பையை மடியிலேயே வைத்துக்கொண்டேன். குடாவைக்கு அரைமணி நேரம் இருக்கும்போதே ஏசியை நிறுத்தச் சொன்னேன். பிள்ளைகள் முணுமுணுத்தார்கள். கெமராவைப் பொலித்தீன் பையில் போட்டு வாயைக் கட்டி, வெளிச் சூட்டுக்குப் பழக விட்டேன். நீர் பூப்பதானால் பையின் மேல் பூக்கும், லென்ஸில் பூக்காது. இறங்கி எடுத்தபோது லென்ஸ் பளிங்காக இருந்தது. கெஹிபெல்லாதான் வரவில்லை!

அட்டைக்குப் பயந்து நிற்கும் சகோதரிகளுக்கு ஒரு வார்த்தை. நெருக்கமாக நெய்த துணியில் முழங்கால் வரை உறை தைத்து, அதற்குள் கால்சட்டையின் அடியைச் செருகிக் கட்டிக்கொள்ளுங்கள். நிலத்தைத் துடைக்கும் நீளத்தில் அபாயா வேண்டாம். முழங்காலுக்குச் சற்றுக் கீழே நிற்கும் தளர்ந்த சட்டை நடக்க வசதி. உறைக்கு மேல் சவர்க்காரம் தேய்த்தோம். நுளம்புக்குப் பூசும் மருந்தில்தான் கவனம் வேண்டும். டீட் என்ற பொருள் சேர்ந்த மருந்து பிளாஸ்டிக்கையும் ரப்பரையும் கரைக்கும். அது பட்ட கையைக் கழுவாமல் கெமராவைத் தொடாதீர்கள். எனக்கு இதை யாரும் முன்பே சொல்லவில்லை. என் கெமராவின் பிடியில் ஒரு பெருவிரல் அடையாளம் ஒட்டும் பிசினாக இன்னும் இருக்கிறது.

காட்டுக்குள் போகும் அந்த அகலமான நடைபாதை, 1970களில் பிளைவூட்டுக்கு மரம் வெட்டி ஏற்றிச் செல்லப் போட்ட பாதை. எதிர்ப்பு வலுத்து 1977இல் வெட்டுவதை நிறுத்தினார்கள். 1988இல் யுனெஸ்கோ இதை உலக மரபுரிமையாக அறிவித்தது. அன்று நிறுத்தாமல் விட்டிருந்தால் நாங்கள் என்னத்தைப் படம் எடுக்கப் போயிருப்போம்?

உள்ளே பகல் பன்னிரண்டு மணிக்கும் அந்தி போல இருக்கும். கெமராவின் ஐஎஸ்ஓவை 1600, 3200 என்று கூட்ட வேண்டி வந்தது. படத்தில் கொஞ்சம் புள்ளி புள்ளியாக வரும், வரட்டும், ஆடிப் போன படத்தை விட அது மேல். பறவைகள் இங்கே வகை வகையாகச் சேர்ந்து ஒரே கூட்டமாக இரை தேடிப் போகும். அந்தக் கூட்டம் எங்களைக் கடந்தபோது எனக்குக் கிடைத்தவை எல்லாம் வால்களும் காலியான கிளைகளும்தான். ஆனால் அதன் பிறகு வழிகாட்டி ஒரு மரத்தைக் காட்டினார். மூக்கு நுனியில் உருண்டை வைத்தது போன்ற ஓணான், இதுவும் நம் நாட்டில் மட்டும் உள்ளது. ஆள் கண்டால் ஓடாமல் அசையாமல் ஒட்டிக்கொள்ளும். பயற்றுப் பையை ஒரு கல்லில் வைத்து, மூச்சைப் பிடித்து, பன்னிரண்டு படம் எடுத்தேன். மூன்று தெளிவாக வந்தன. ஒன்றில் அதன் கண் இமையில் ஒட்டியிருந்த மழைத்துளிகூடத் தெரிகிறது.

வெளியே வரும்போது கித்துள் கருப்பட்டி காய்ச்சிக்கொண்டிருந்த ஒரு பெண்ணைக் கண்டோம். தீ வெளிச்சத்தில் அவர் முகம் அழகாக இருந்தது. எடுக்கவா என்று கேட்டேன், வெட்கப்பட்டு வேண்டாம் என்றார். கெமராவைப் பைக்குள் வைத்துவிட்டேன். கேட்காமல் நம்மை ஒருவர் எடுத்தால் நமக்கு எப்படி இருக்கும்? கருப்பட்டி இரண்டு வாங்கிக்கொண்டு, அவர் வீட்டுக் கிணற்றடியில் வுழூச் செய்து, அசரையும் அங்கேயே தொழுதோம்.

திரும்பும் வழியில் கினிகத்தேனைச் சந்தியில் தேநீருக்கு நிறுத்தியபோது, ஹட்டன் போகும் பாதையைக் காட்டி மகளுக்கு ஒரு கதை சொன்னேன். அந்தப் பாதையில் போனால் வரும் பொகவந்தலாவையில் ஒரு தேவாலய மயானத்தில் ஜூலியா மார்கரெட் கெமரன் என்ற ஆங்கிலேயப் பெண் அடக்கப்பட்டிருக்கிறார். 1863இல், அவருடைய 48 வயதில், மகள் ஒரு கெமராவைப் பரிசாகக் கொடுத்த பிறகுதான் படம் எடுக்கப் படித்தவர். பிறகு உலகப் புகழ் பெற்றார். 1875இல் கணவரோடு இலங்கைக்கு வந்து, 1879இல் இங்கேயே இறந்தார். அந்தக் காலத்தில் கண்ணாடித் தகட்டில் மருந்து பூசி, அது காய்வதற்கு முன் படம் எடுத்து, அந்த ஈரத்திலேயே கழுவியும் விட வேண்டும். மரப்பெட்டிக் கெமரா, தகடுகள், இரசாயனப் போத்தல்கள், இருட்டறை என்று அத்தனையும் கூடவே போக வேண்டும். அவர் இலங்கையில் எடுத்த படங்கள் மிகக் கொஞ்சமே மிஞ்சியிருக்கின்றன. "உங்களுக்கு இன்னும் அஞ்சு வருஷம் இருக்கு உம்மா" என்றாள் மகள்.

வீடு வந்த இரவே, களைப்பைப் பார்க்காமல், கெமராவைத் துடைத்து, மின்விசிறிக் காற்றில் ஒரு மணி நேரம் வைத்து, பிறகு பெட்டியில் போட்டு மூடினேன். கெமரா பையைக் கழுவி வெயிலில் போட்டேன். ஆனால் காட்டு மழையில் நனைந்த பயற்றுப் பையை மட்டும் வேனிலேயே மறந்துவிட்டேன். மூன்றாம் நாள் தங்கச்சி மாப்பிள்ளை அதைக் கொண்டு வந்து தந்தபோது, தையல் இடுக்கெல்லாம் வெள்ளை முளை! மாமி சிரித்துச் சிரித்துக் கண் துடைத்தார். பிறகு பையைக் கத்தரித்து வேலியோரம் கொட்டினார். இப்போது அங்கே ஏழெட்டுப் பயற்றஞ்செடிகள் நிற்கின்றன. நேற்றுக் காலை பனி காயும் முன் அவற்றைப் படம் எடுக்கக் கூப்பிட்டது மாமிதான்.