ரத்தம் சொன்ன கணக்கு

என் மாமியாருக்கு வயது 71. சர்க்கரை வியாதியும் உண்டு. போன மார்கழியில் ஒரு நாள், "நீர்க்கடுப்பா இருக்கும்மா" என்றார். வழக்கம்போல் பார்லித் தண்ணீர் காய்ச்சிக் கொடுத்தேன். மறுநாள் குளிர் ஜுரம். ஒரு மாத்திரையைக் கொடுத்துப் போர்த்திப் படுக்க வைத்தேன். மூன்றாம் நாள் காலை என்னைப் பார்த்து, "நீ யாரு?" என்று கேட்டாரே, எனக்கு அடிவயிறு கலங்கிவிட்டது! மேல்மூச்சு வாங்கியது. முதல் நாள் ராத்திரியிலிருந்து சிறுநீரும் சரியாகப் போகவில்லை.

ஆஸ்பத்திரிக்கு ஓடினோம். "செப்சிஸ்" என்றார் டாக்டரம்மா. கிருமியை எதிர்க்கக் கிளம்பிய உடம்பு, நிதானம் தவறித் தன் உறுப்புகளையே கெடுத்துக்கொள்ளும் நிலையாம்.

"பிழைச்சுடுவாங்களா?" என்று அழுதேன். அவர் ரத்தப் பரிசோதனைச் சீட்டைக் காட்டினார். "ரெண்டு வகை வெள்ளையணு இருக்கு பாருங்க. கிருமி வந்தா நியூட்ரோபில் ஏறும். நோய் முத்தினா லிம்போசைட் குறையும். முதலாவதை ரெண்டாவதால வகுத்துப் பாருங்க. நல்லா இருக்கறவங்களுக்குப் பெரும்பாலும் 1லேருந்து 3க்குள்ள வரும்."

88ஐ 6ஆல் வகுத்தேன். கிட்டத்தட்ட 15! கை நடுங்கியது.

"இந்த விகிதம் அதிகமா இருந்தா ஆபத்தும் அதிகம்னு அர்த்தம். ஆனா இதை மட்டும் வெச்சு ஜோசியம் சொல்ல மாட்டோம். ஸ்டீராய்டு மருந்து சாப்பிட்டாக்கூட ஏறும். ரத்த அழுத்தம், லாக்டேட் அளவு, சிறுநீர் எல்லாத்தையும் சேர்த்துப் பார்க்கணும். கணக்கு ஏறுதா, இறங்குதாங்கறதும் முக்கியம்" என்றார்.

அன்றிலிருந்து பால் கணக்கு எழுதும் நோட்டில் இதையும் எழுதினேன். மூன்றாம் நாள் 80க்கு 12, ஏழுக்குள் வந்தது. ஐந்தாம் நாள் 72க்கு 20, நாலுக்கும் கீழே. அன்று சாயங்காலம் அத்தை கண் திறந்து, "காபி கொண்டு வந்தியா?" என்றார். அழுகையும் சிரிப்புமாக நின்றேன்.

வீட்டுக்கு அனுப்பும்போது டாக்டரம்மா சொன்னது இன்னும் உறுத்துகிறது: "முதல் நாளே வந்திருந்தா இவ்வளவு தூரம் போயிருக்காதும்மா."

சகோதரிகளே, கணக்கெல்லாம் டாக்டர் பார்த்துக்கொள்வார். நாம் பார்க்க வேண்டியது வேறு. ஜுரத்தோடு பேச்சுக் குழறினாலோ, மூச்சு வாங்கினாலோ, சிறுநீர் குறைந்தாலோ, கை கால் சில்லிட்டாலோ கஷாயம் வைத்துக்கொண்டு நிற்காதீர்கள். உடனே கிளம்புங்கள். வயதானவர்களுக்குச் சில சமயம் ஜுரமே இல்லாமலும் இது வருமாம். நான் இழந்த இரண்டு நாளை நீங்கள் இழக்க வேண்டாம்.