இரண்டு துயில் ஒன்றாகும் பருவம்

அரபு மொழியில் உறக்கத்துக்குப் பெயர் ஒன்றன்று. படிப்படியாகப் பல பெயர்கள் உள்ளன. கி.பி. 1038இல் மறைந்த நிஷாப்பூர் அறிஞர் ஸஆலபீ, தமது 'ஃபிக்ஹுல் லுகா'வில் அவற்றை வரிசைப்படுத்தியிருக்கிறார். கண் கனக்கத் தொடங்கும் முதல் நிலை 'நுஆஸ்'. நெடிது துயில்வது 'ருகாத்'. நண்பகலில் சற்றே சாய்வதற்குக் 'கைலூலா' என்று தனிப்பெயரே உண்டு. அந்நூலிலேயே குழந்தையின் பருவங்களுக்கும் பெயர்கள் உள்ளன. பாலருந்தும்போது 'ரளீஃ', பால் மறந்தபின் 'ஃபதீம்', தத்தித் திரியும்போது 'தாரிஜ்'. இச்சொற்களைப் பல்லாண்டுகளாக மாணவர்க்குப் போதித்து வந்த நமக்கு, உறக்கமும் குழந்தைப் பருவமும் ஒன்றோடொன்று முட்டிக்கொள்ளும் இடம் எது என்பதைப் பாடப் புத்தகம் காட்டவில்லை. நம் பேத்திதான் காட்டினாள்.

நம் மகளை மணமுடித்துக் கொடுத்திருப்பது ஆரம்பாக்கத்தில். தமிழகத்தின் வட எல்லையில், ஆந்திரத்தை ஒட்டி, பழவேற்காடு ஏரிப் பகுதியில் அமைந்த ஊர் அது. உவரும் நன்னீரும் கலக்கும் அந்த ஏரியை நம்பி வாழும் குப்பங்களில், நேரத்தை ஆள்வது கடிகாரமன்று. காற்றும் நீரோட்டமும் இறாலுமே. இரவில் படகேறியவர் விடியலில் கரை சேர்வர். மருமகன் அந்நேரத்தில் கரைக்குச் சென்று இறால் வாங்கி அனுப்பும் வியாபாரி. ஆகவே ஸுப்ஹுத் தொழுகைக்கு முன்னரே வீட்டில் விளக்கெரியும், பிள்ளையும் விழித்துவிடும்.

பல மாதங்களாக அப்பிள்ளை முற்பகல் ஒன்பது மணிக்கு ஒருமுறையும், பிற்பகல் இரண்டு மணிக்கு ஒருமுறையும் உறங்கி வந்தாள். முற்பகல் துயிலும் அந்த ஒன்றரை மணி நேரத்தில்தான் நம் மகள் தையல் இயந்திரத்தின் முன் அமர்வாள். அயலார் கொடுக்கும் ரவிக்கைகளைத் தைத்துத் தருவதில் கிடைப்பது சிறு தொகைதான். எனினும் அது அவள் கைப்பொருள். பதினான்காம் மாதத்தில் பேத்தி திடீரென்று முற்பகல் உறக்கத்தை மறுத்தாள். தொட்டிலில் இட்டால் எழுந்து நின்று கயிற்றைப் பற்றிக்கொண்டு சிரிப்பாள். அரும்பாடுபட்டு உறங்கவைத்தாலோ, பிற்பகல் உறக்கம் போய்விடும். மாலையில் ஓயாத அழுகை. இரவு பத்து மணியாகியும் கண் மூடாள்.

வீட்டில் பேச்சுகள் பலவாயின. கண்ணேறு என்றனர் சிலர். சம்பந்தி அம்மாள் நம்மிடம், "ஹஜ்ரத், கொஞ்சம் தண்ணி ஓதிக் கொடுங்களேன்" என்றார்கள். ஓதிக் கொடுத்தோம். அத்துடன், "பிள்ளைக்கு நோயொன்றுமில்லை, வளர்கிறாள்" என்றும் கூறினோம். அடுத்த நாள் யாரோ ஒருவர், பிள்ளையைத் தூங்கவைக்கும் என்று ஒரு சளி மருந்தின் பெயரை எழுதிக் கொடுத்துவிட்டார். அத்துண்டுச் சீட்டை நாம் வாங்கிச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டோம், திருப்பித் தரவில்லை.

நாம் அஞ்சியதற்குக் காரணம் உண்டு. பம்பாய் ஆலைகளில் வேலை செய்த பெண்கள், தாம் வேலைக்குப் போகும் நேரத்தில் பிள்ளை அழாதிருக்க அபின் கொடுத்து உறங்கவைத்ததை, 1931இல் வெளியான இந்தியத் தொழிலாளர் ராயல் கமிஷன் அறிக்கை குறித்திருக்கிறது. அமெரிக்காவிலோ மார்ஃபின் கலந்த 'சாந்தி மருந்து' ஒன்று பத்தொன்பதாம் நூற்றாண்டில் வீடுதோறும் விற்பனையாயிற்று. பல குழந்தைகள் அதனால் மீளாத் துயில் கொண்டன. அந்தத் தாய்மார் கொடியவர்களா? அல்லர்; ஒரு மணி நேரம் கிடைக்காதவர்கள். இன்றைய சளி மருந்துகள் அபினல்ல என்பது உண்மைதான். ஆயினும் உறக்கம் தருவதற்கென்று அவற்றைக் குழந்தைக்குப் புகட்டுவது மூச்சையே தளர்த்திவிடக்கூடும் என்று மருத்துவர்கள் எச்சரிக்கின்றனர்.

இனி, இம்மாற்றம் ஏன் நேர்கிறது என்று பார்ப்போம். சூரிக் நகர ஆய்வாளர் போர்பேலி 1982இல் ஒரு விளக்கம் தந்தார். உறக்கத்தை ஆள்பவை இரண்டு. ஒன்று, விழித்திருக்கும் நேரமெல்லாம் உள்ளே சேர்ந்துகொண்டே வரும் உறக்கச் சுமை. மற்றொன்று, பகலிரவை அறிந்து நடக்கும் உடலின் உட்கடிகாரம். கைக்குழந்தைக்கு அச்சுமை விரைவில் நிறைந்துவிடுகிறது. இரண்டு மூன்று மணி நேரத்துக்கொருமுறை இறக்கிவைக்க வேண்டும். வளர வளர அது மெதுவாகச் சேர்கிறது. ஒன்பது மணிக்குள் நிறைந்த பாத்திரம் இப்போது நண்பகலில்தான் நிறைகிறது. ஆகவே முற்பகல் துயில் உதிர்கிறது. நடுப்பகல் துயில் நிலைக்கிறது.

பெரும்பாலான குழந்தைகளுக்கு இது பதினைந்து முதல் பதினெட்டு மாதங்களுக்குள் நேர்கிறது. சிலர்க்கு முன்னே, சிலர்க்குப் பின்னே. உலக சுகாதார நிறுவனம் 2019இல் வெளியிட்ட வழிகாட்டி, ஒன்று முதல் இரண்டு வயதுவரை பகலும் இரவும் சேர்த்து 11 முதல் 14 மணி நேர உறக்கம் வேண்டும் என்கிறது. எண்ணவேண்டியது மொத்தத்தையே, எத்தனை முறை என்பதையன்று.

நம் பிள்ளைத்தமிழ் மரபும் இங்கே நினைவுக்கு வருகிறது. நபிகள் நாயகம் அவர்கள் மீதும் பிள்ளைத்தமிழ் பாடிய புலவர்கள் நம்மிடையே உண்டு. மூன்றாம் திங்கள் தொடங்கி இருபத்தொன்றாம் திங்கள்வரை, ஒற்றைப்பட்ட திங்கள்தோறும் ஒரு பருவமாக வகுப்பது பாட்டியல் மரபு. தாலாட்டும் தால் பருவம் ஏழாம் திங்கள். தளர்நடையிட்டு வருகவென அழைக்கும் வருகைப் பருவம் பதின்மூன்று. நிலவை விளையாட அழைக்கும் அம்புலி பதினைந்து. தொட்டில் முன்னே நின்றுவிடுகிறது. நடையும் நிலவும் பின்னே வருகின்றன. நடக்கக் கற்றவளுக்கு முற்பகல் முழுதும் வேலையிருக்கிறது!

செய்யத்தக்கது இதுதான் என்று மகளிடம் கூறினோம். ஓரிரு நாள் மறுத்தாளென்று உடனே மாற்றிவிடலாகாது. பல் முளைக்கும்போதும், சளி பிடித்தபோதும் பிள்ளை சில நாள் மறுப்பதுண்டு. இரண்டு வாரம் தொடர்ந்து மறுத்தாளானால் பருவம் வந்துவிட்டது. அப்போது முற்பகல் உறக்கத்தைச் சில நாட்களுக்கொருமுறை கால் மணி நேரம் பின்தள்ளிக்கொண்டே வந்து நண்பகலில் நிறுத்த வேண்டும். சோற்றை முன்னதாக ஊட்டிவிட வேண்டும். மாலையில் சோர்ந்தால் இரவில் விரைவாகவே படுக்கவைக்க வேண்டும். மிகக் களைத்த நாளில் இருமுறை உறங்கினாலும் குற்றமில்லை. பிள்ளை விழித்திருக்கும் நேரத்திலும் துவண்டு கிடந்தாலோ, உறக்கத்தில் குறட்டையுடன் மூச்சு முட்டினாலோ, மருத்துவரிடம் கொண்டுசெல்ல வேண்டும்.

பிள்ளையின் உறக்கம் ஒரு மாதத்தில் ஒழுங்குபட்டது. எஞ்சியது மகளின் ஒன்றரை மணி நேரம். அதுதான் மெய்யான வழக்கு என்பதை நாம் உணர்ந்தோம். முற்பகல் உறக்கத்துக்காக வீடே வருந்தியது பிள்ளையின் பொருட்டன்று. அவ்வோய்வை இழக்கப்போகும் தாயின் பொருட்டு. இதைச் சம்பந்தி அம்மாளிடமும் மருமகனிடமும் வெளிப்படையாகவே பேசினோம். "அதுக்கென்ன, காலையில் பிள்ளையை நான் வைத்துக்கொள்கிறேன்" என்றார்கள் அம்மையார். கரையிலிருந்து திரும்பும் மருமகனும் குளித்தவுடன் அரைமணி நேரம் பிள்ளையைத் தோளிலேற்றிக்கொண்டு தெருவில் உலாவுகிறார். தையல் இயந்திரம் மீண்டும் ஓசையிடுகிறது.

ஆரம்பாக்கத்தில் உச்சிப்பொழுது அமைதியானது. இரவெல்லாம் நீரில் நின்றவர்கள் அப்போதுதான் திண்ணையிலும் வேப்ப நிழலிலும் கண்ணயர்வர். திருமறையின் சூரத்துந் நூரும், இல்லத்தார் ஆடை தளர்த்தி ஓய்வுகொள்ளும் தனிமை நேரங்கள் மூன்றனுள் நண்பகலையும் வைத்துப் பேசுகிறது. இதுகாறும் தனக்கென ஒரு காலக்கணக்கு வைத்திருந்த பிள்ளை, இப்போது ஊரார் உறங்கும் நேரத்தில் தானும் உறங்குகிறாள். உறக்கம் ஒன்று குறைந்ததென்று நாம் கொள்ளவில்லை. மனிதர்களின் நாளுக்குள் அவள் குடிபுகுந்தாள் என்றே கொண்டோம். குடிபுகும் விருந்தாளிக்கு இடம் விட வேண்டியவர்கள், தாய் ஒருத்தி மட்டுமல்லர், வீட்டார் அனைவருமே.