அப்பா அறைக்கு ஓர் ஆம்ப்ளிஃபையர்

அம்மா போனபின் அப்பா பாட்டுக் கேட்பதையே விட்டுவிட்டார். பழைய ஆம்ப்ளிஃபையரும் பழுது. ஒரு சனிக்கிழமை அடெல்ஃபி கடைத்தொகுதிக்கு அழைத்துப் போனேன்.

'கிளாஸ் ஏ' என்றால் முதல் தரம் என்றே நினைத்திருந்தேன். அந்த எழுத்து தரத்தை அல்ல, வேலை செய்யும் விதத்தைச் சொல்கிறது. 'ஏ' பாட்டு ஓடாதபோதும் மின்சாரத்தை இழுத்துக்கொண்டே சூடேறும். வீவக அறைக்குள் இன்னோர் அடுப்பா? 'ஏபி'யில் ஒலியலையின் மேல்பாதியையும் கீழ்ப்பாதியையும் டிரான்சிஸ்டர்கள் பங்கிட்டுக்கொள்ளும், சூடு மிதம். 'டி' நொடிக்குப் பல லட்சம் முறை மின்சாரத்தைத் திறந்து மூடும். அதனால் வீணாவது கொஞ்சம்தான். ('டி' டிஜிட்டலைக் குறிக்கிறது என்று நண்பனிடம் அடித்துப் பேசியிருக்கிறேன். தவறு!)

அப்பா கண்ணை மூடி மூன்றையும் கேட்டார். "எல்லாம் ஒண்ணாத்தான்பா இருக்கு. சூடாகாததை எடு."

அன்றிரவு அவர் அறையில் பி.சுசீலாவின் குரல். அம்மாவுக்குப் பிடித்த பாட்டு. நான் கதவைத் தட்டவில்லை.