வேலையிழந்த கண்

நம் சினிமாவில் கதாநாயகனின் வயது ஒருபோதும் பிரச்னையாக இருந்ததில்லை. 'உலகம் சுற்றும் வாலிபன்' 1973-ல் வெளிவந்தபோது எம்.ஜி.ஆருக்கு 56 வயது. தலைப்பிலேயே வாலிபன் இருக்கிறான். மின்னலின் சக்தியைப் பிடித்து அடைக்கும் விஞ்ஞானி ஒருவன், அவனைத் தேடிக் கிளம்பும் தம்பி ஒருவன் என்று இரண்டு வேஷம். விஞ்ஞானக் கதை என்று தமிழ்த் திரையில் அன்று எங்களுக்குக் கிடைத்தது அவ்வளவுதான். சங்கரன்கோவில் டூரிங் கொட்டகையில் மணலைக் குவித்து உயரம் பண்ணிக்கொண்டு உட்கார்ந்து பார்த்த எங்களுக்கு, அந்த மனிதர் வாலிபன்தானா என்கிற கேள்வியே எழவில்லை. கழுத்தைப் பார்த்திருந்தால் தெரிந்திருக்கும். நாங்கள் கழுத்தைப் பார்க்கவில்லை.

இதைப் பாமரத்தனம் என்று சொல்லிவிடுவது சுலபம். சிறுபத்திரிகைகளில் பல தடவை சொல்லியும் ஆகிவிட்டது. ஆனால் இந்தப் பக்கத்துக் கோயில் கொடைகளில் விடிய விடிய நடக்கும் வள்ளித் திருமணத்தில், முருகனாக வரும் ராஜபார்ட்டை ஐம்பது வயதுக்குக் குறைந்து நான் பார்த்ததில்லை. தொந்தி தெரியும். பின்னிரவில் அரிதாரம் வியர்வையில் கரைந்து காதோரம் வழியும். அப்போதும் முருகன் முருகன்தான். சபைக்குக் கண் இல்லையா? இருக்கிறது. அந்தக் கண் ஒரு காரியம் செய்துகொண்டிருக்கிறது. அரிதாரம் பாதியில் விட்டதை அது எடுத்து முடிக்கிறது. எம்.ஜி.ஆரின் வாலிபமும் இப்படிக் கூட்டாகச் செய்யப்பட்ட ஒன்றுதான். டோப்பாவும் ரோஸ் பவுடரும் அவருடையவை, மிச்சம் எங்களுடையது.

இந்தக் கூட்டு வேலை எப்போது முறிந்தது என்பதற்கு ஒரு தேதி சொல்ல வேண்டுமென்றால் 2024 செப்டம்பர் 5-ஐச் சொல்வேன். வெங்கட் பிரபு இயக்கிய 'தி கிரேட்டஸ்ட் ஆஃப் ஆல் டைம்' வெளியான நாள். ஐம்பது வயது விஜய் அப்பனாகவும் பிள்ளையாகவும் வருகிறார். பிள்ளையின் முகத்தைக் கம்ப்யூட்டர் இளமையாக்கியிருந்தது. செய்து கொடுத்தது லாஸ் ஏஞ்சல்ஸில் உள்ள லோலா என்கிற நிறுவனம். 2006-ல் 'எக்ஸ்-மென்' வரிசைப் படம் ஒன்றில் பாட்ரிக் ஸ்டூவர்ட், இயான் மெக்கெல்லன் என்கிற இரண்டு முதிய நடிகர்களின் சுருக்கத்தை எடுத்துக் காட்டியவர்கள் இவர்களே. விஜய்யின் இளைய முகம் ஆகஸ்டில் ஒரு பாட்டில் முதன்முதலாகத் தலைகாட்டியதுமே ஊரெங்கும் கேலி ஆரம்பித்துவிட்டது. எங்கள் ஊரில் நான் படம் பார்த்த அன்று பக்கத்தில் இருந்தவர் விசைத்தறிக்காரர், பழைய சிநேகிதர். பிள்ளையின் முகம் நெருக்கத்தில் வந்ததும் என் காதில், "மூஞ்சி இஸ்திரி போட்ட மாரில்லா இருக்கு, அண்ணாச்சி" என்றார். முன்வரிசையில் விசிலடித்துக்கொண்டிருந்த பையன்கள்கூட அந்த நெருக்கக் காட்சிகளில் ஒரு கணம் தயங்கியதை நான் கவனித்தேன்.

இதே சிநேகிதர் எம்.ஜி.ஆர். படங்களைத் தொலைக்காட்சியில் கை தட்டிப் பார்க்கிறவர். 56 வயது டோப்பாவை ஏற்றுக்கொள்கிற மனம், பல மடங்கு சாமர்த்தியமாகச் செய்யப்பட்ட ஒரு முகத்தை ஏன் ஒதுக்குகிறது? செய்த வேலை போதாது என்பார்கள். எனக்கு அது பதிலாகத் தோன்றவில்லை. டோப்பா ஒரு வேண்டுகோள். என்னை வாலிபன் என்று வைத்துக்கொள் என்கிறது. வைத்துக்கொள்வதா வேண்டாமா என்பது நம் கையில். கம்ப்யூட்டர் முகம் எதையும் வேண்டுவதில்லை. எல்லாவற்றையும் முடித்துக்கொண்டு வந்து நிற்கிறது. நாம் செய்துவந்த பாதி வேலையையும் அதுவே எடுத்துக்கொண்டுவிட்டது. வேலை போன கண் சும்மா இருக்குமா? தறியிலிருந்து இறங்கிய துணியை வெளிச்சத்துக்கு எதிரே பிடித்து, இழை விட்ட இடம் தேடுகிற கண்ணாக மாறிவிடுகிறது. என் சிநேகிதருக்கு அது தொழில். மற்றவர்களுக்கும் அன்று அதுவே தொழிலாகிப் போனது.

தேடினால் அகப்படும். 2019-ல் வந்த ஸ்கார்செஸியின் 'தி ஐரிஷ்மேன்' படத்தில், எழுபது தாண்டிய ராபர்ட் டி நீரோ இளம் அப்பனாக வந்து ஒரு மளிகைக்கடைக்காரனைத் தெருவில் போட்டு உதைக்கும் காட்சி இருக்கிறது. முகம் நடுவயசு. உதைக்கிற கால் கிழவனுடையது. உலகம் முழுக்கப் பார்த்தவர்கள் அந்தக் காலைத்தான் பேசினார்கள். முதுமையைப் போட்டுக்கொள்வது வேறு சமாச்சாரம். 'திருவருட்செல்வர்' படத்தில் (1967) சிவாஜி அப்பராக வந்தபோது அவருக்கு நாற்பது ஆகவில்லை. முதுகும் முழங்காலும் குரலும் சேர்ந்து கிழமாகின. முதுமையை நடிகன் தன் உடம்பை வைத்துச் செய்து காட்ட முடிகிறது. இப்போது வருகிற இளமையை நடிகனின் உடம்பு செய்வதில்லை. அதன்மேல் வேறு யாரோ செய்கிறார்கள்.

அதே படத்தில் இன்னொன்றும் நடந்தது. 2023 டிசம்பர் 28-ல் இறந்துபோன விஜயகாந்தின் முகம் ஆரம்பக் காட்சியில் வருகிறது. சண்டையெல்லாம் முடிந்து முகமூடியைக் கழற்றினால் உள்ளே விஜய். அந்த முகமும் கம்ப்யூட்டர் செய்ததுதான். கொட்டகை எழுந்து நின்றது. இஸ்திரி என்று சொன்ன சிநேகிதர் இதற்கு இரண்டு கையையும் தலைக்கு மேலே தூக்கினார். திரும்பிப் பார்த்தால் கண் கலங்கியிருக்கிறது. முகத்தின் தரத்தில் பெரிய வித்தியாசம் இருந்ததாக எனக்குத் தெரியவில்லை. ஆனால் இங்கே கண்ணுக்கு வேலை இருந்தது. இறந்தவர் என்று எல்லோருக்கும் தெரியும். ஆகவே ஏமாற்ற முடியாது. இல்லாதவரை இருப்பதாக வைத்துக்கொள்ளச் சபை சம்மதித்தது. சம்மதிப்பதற்கு வேண்டிய சரக்கும் அதனிடம் இருந்தது. 'செந்தூரப்பாண்டி'யில் (1993) புதுப்பையனான விஜய்க்குப் பக்கத்தில் விஜயகாந்த் வந்து நின்றது, 2005-ல் கட்சி ஆரம்பித்தது, பிறகு குரல் தளர்ந்துபோன அந்தக் கடைசி வருஷங்கள் எல்லாம் சபையோடு உள்ளே வந்திருந்தன.

இந்தக் கண்ணீரை நான் முழுசாக நம்பவில்லை என்பதையும் சொல்ல வேண்டும். வியாபாரிகள் இதைச் சீக்கிரம் கண்டுகொண்டார்கள். இறந்தவர் கால்ஷீட் கேட்பதில்லை. 2024 ஜனவரியில் 'லால் சலாம்' பாட்டுக்காக பம்பா பாக்யா, சாகுல் ஹமீது இருவர் குரலையும் ஏ.ஆர்.ரஹ்மான் இப்படி வரவழைத்தார். குடும்பத்தாரிடம் அனுமதி பெற்றுச் சன்மானமும் கொடுத்ததாக அறிவித்தார். அதே மாதம் இறந்த பவதாரிணியின் குரல், சில மாதங்கள் கழித்து விஜய் படத்துப் பாட்டு ஒன்றில் வந்தது. இசையமைத்தவர் அவர் தம்பி யுவன் சங்கர் ராஜா. அந்தப் பாட்டில் துக்கம் எங்கே முடிகிறது, விளம்பரம் எங்கே தொடங்குகிறது என்று பிரித்துச் சொல்ல எனக்குத் திராணியில்லை. கேட்டபோது தொண்டை அடைத்தது உண்மை.

2025 ஆடித்தபசுக்கு, பெங்களூரில் வேலையாக இருக்கும் மருமகன் ஊருக்கு வந்திருந்தான். இந்த விஷயமெல்லாம் அவனோடு பேசிக்கொண்டிருக்கையில், "மாமா, இதப் பாருங்க" என்று போனில் பத்து நிமிஷக் குறும்படம் ஒன்றைக் காட்டினான். 'யூனிஃபிகேஷன்' என்று பெயர். 'ஸ்டார் ட்ரெக்' என்கிற அமெரிக்க விண்வெளிக் கதைத் தொடரை ஒட்டி 2024 நவம்பரில் வெளியிட்டது. அதன் தலைவன் கிர்க்கை 1994-ல் வந்த ஒரு சினிமாவில் சாகடித்துவிட்டார்கள். இதில் அவன் சாவுக்கு அப்பால் எங்கோ நடந்து, சாகக் கிடக்கும் தன் நண்பன் ஸ்பாக்கின் படுக்கையருகே வந்து கையைப் பிடித்துக்கொள்கிறான். ஜன்னலுக்கு வெளியே சூரியன். பேச்சு என்று எதுவும் இல்லை. கிர்க்காக நடித்த வில்லியம் ஷாட்னருக்குப் படம் வந்தபோது 93 வயது. வேறொரு நடிகர் நடக்க, அவர்மேல் ஷாட்னரின் பழைய முகத்தை ஏற்றியிருக்கிறார்கள். ஸ்பாக்காக நடித்த லியனார்ட் நிமாய் 2015-லேயே காலமானவர். அவர் மனைவி இந்தப் படத்தின் தயாரிப்பில் பங்குகொண்டிருக்கிறார்.

இதில் எனக்குச் சுவாரஸ்யமாகப் பட்டது, எந்த வயசுக்குக் கொண்டுபோனார்கள் என்பது. 1966-ல் தொடரில் வந்த முப்பத்தைந்து வயது மைனர் முகத்துக்கு அல்ல. 1994-ன் முகத்துக்கு, அதாவது 63 வயதுக்கு. கிட்டத்தட்ட என் வயசு. அறுபத்து மூன்றும் ஒரு இளமை என்று ஒரு படம் சொல்வதை நான் முதல் தடவையாகப் பார்க்கிறேன்.

மருமகன் அழுதான். எத்தனையாவது தடவையாகப் பார்க்கிறானோ. அந்தத் தொடரோடு வளர்ந்த உலகத்தார் பலரும் அப்படியே அழுதார்களாம். செத்தவர் முகத்தை எடுத்து ஆட்டுவது அசிங்கம் என்று சொன்னவர்களும் உண்டாம். எனக்கு இரண்டும் நிகழவில்லை. நல்ல வெளிச்சத்தில் இரண்டு மெழுகு முகங்களைப் பார்த்தேன். ஒரே போன், ஒரே படம், தோளோடு தோள் உட்கார்ந்து பார்த்த இரண்டு பேர். அவனிடம் முடித்து வைக்கச் சரக்கு இருந்தது, என்னிடம் இல்லை. படத்துக்கு வெளியேதான் படம் நடந்தது.

அன்று சாயங்காலம் தபசுக் காட்சி. கோமதியம்மன் தவமிருந்து சங்கரனையும் நாராயணனையும் ஒரே உருவில் காண்கிற நாள். சம்சாரிகள் விளைந்ததைக் கொண்டுவந்து சப்பரத்தை நோக்கி எறிவார்கள். கூட்டத்தில் நெருக்குண்டு நின்றபோது பகலில் பார்த்த முகங்கள் நினைவில் வந்தன. எங்கள் சாமியும் ஒட்டுப்போட்ட உருவம்தான். வலப்பாதி சிவன், இடப்பாதி திருமால். ஒரு பக்கம் பிறையும் பாம்பும், மறுபக்கம் துளசியும் சங்கும். ஒட்டிய கோட்டை மறைக்க எந்தச் சிற்பியும் முயலவில்லை. கோடு நடுவே நேராக ஓடுகிறது. இரண்டையும் ஒன்றாகப் பார்க்கும் வேலையை எதிரே நிற்கிறவனிடம் விட்டுவிட்டார்கள். பார்க்க மாட்டேன் என்று சண்டை போட்ட சங்கன், பதுமன் என்கிற இரண்டு பாம்புகளின் கதையும் கூடவே இருக்கிறது.

மறுநாள் மருமகன் வேறொரு வேலை செய்தான். என் அப்பா 1998-ல் இறந்தவர், கைத்தறி நெசவாளி. அவர் படம் என்று வீட்டில் இருப்பது நெசவாளர் சங்க அட்டைக்கு எடுத்த ஒன்றே ஒன்று. அதை போனுக்குள் ஏற்றி, முப்பது வயசாக்கி, தலையை இடது பக்கம் திருப்பிச் சிரிக்கும்படி செய்துவிட்டான். என் தங்கை விம்மி விம்மி அழுதாள். எனக்கும் ஒருமாதிரி ஆகிவிட்டது. அம்மாவிடம் கொண்டுபோனான். 84 வயது. கீரை ஆய்ந்துகொண்டிருந்தவள் கையைத் துடைத்துவிட்டு போனை வாங்கி இரண்டு தடவை பார்த்தாள்.

"அவுகளுக்கு இடது பக்கம் கழுத்து திரும்பாதுல்லா. ஒடம்போடதான் திரும்புவாக" என்றாள்.

குழித்தறியில் குனிந்தே இருந்து இறுகிப்போன கழுத்து அது. யாராவது கூப்பிட்டால் அப்பா தோளோடு சேர்ந்து திரும்புவார். எனக்கு அது மறந்தே போயிருந்தது.

"ஆச்சி, இது தாத்தாவோட சின்ன வயசு. அப்பக் கழுத்து நல்லா இருந்திருக்கும்லா" என்றான் மருமகன்.

"நான் வாக்கப்பட்டு வரும்போதே அப்பிடித்தான்" என்றாள் அம்மா. போனைத் திருப்பிக் கொடுத்துவிட்டுக் கீரையை எடுத்துக்கொண்டாள்.

சரக்கு இருந்தால் முடித்துவைக்கலாம் என்றேன். எங்கள் எல்லோரையும்விட அதிகம் வைத்திருந்தவள் முடித்துவைக்க மறுத்தாள். இதை என் வாதத்துக்குள் எங்கே வைப்பது என்று எனக்குப் பிடிபடவில்லை. இருபத்தேழு வருஷமாக அவரை அவள் தினமும் தானே செய்துகொண்டிருந்திருக்க வேண்டும். அதில் குறுக்கே வந்த கையை விலக்கிவிட்டாள் என்று வேண்டுமானால் நினைத்துக்கொள்ளலாம்.

அடுத்த வாரம், ஆகஸ்ட் 14-ல், 'கூலி' வந்தது. 74 வயது ரஜினிகாந்த் பழைய கதையில் இளைஞராக வருகிறார். இந்த முறை கேலி இல்லை. கொஞ்ச நேரமே வருகிறது, அதுவும் இருட்டில். விட்ட இடத்தைப் பார்க்கிறவன் நிரப்பிக்கொள்ளட்டும் என்று விட்டிருந்தார்கள். எங்கள் தெருவில் எட்டு வயசுப் பையன் ஒருவன் அந்தத் துண்டை போனில் போட்டுப் போட்டுப் பார்த்து, ரஜினி மாதிரியே தலைமயிரைக் கோதிக்கொண்டு திரிந்தான். ஒரு ஞாயிற்றுக்கிழமை டி.வி.யில் 'முரட்டுக்காளை' ஓடிக்கொண்டிருந்தது. 1980-ல் வந்த படம். முப்பது வயது ரஜினி, எந்த இயந்திரமும் தொடாத முகம். பையன் வந்து கதவோரம் நின்றான்.

"யாரு தாத்தா இது?"

"ரஜினிதாம்ல. சின்ன வயசு."

கொஞ்ச நேரம் பார்த்தான். "சின்ன வயசு ரஜினி இப்பிடி இருக்கமாட்டாரே, தாத்தா. இவருக்கு மூஞ்சி பூரா வேர்த்திருக்கு" என்றான்.