எஞ்சி நிற்பவை

நோய் அடங்கிவிட்டதென மருத்துவர் சொன்ன நாளில் எமது நண்பர் அயலவர்க்கெல்லாம் இனிப்பு வழங்கினார். கணித ஆசிரியர் அவர், வயது நாற்பத்தைந்து. கடுமையான குருதிப் புற்றுநோய்க்கு ஒரு மாதம் மருந்தேற்றி மீண்டிருந்தார். சில நாட்களில் என்புமச்சையை மறுபடியும் ஊசியால் எடுக்கவேண்டும் என்றார்கள். "அடங்கியதை ஏன் துருவுகிறார்கள்?" என்று எம்மிடம் கேட்டார். விடை தேடப் புகுந்த நாமும் அப்போதுதான் கற்றோம்.

மச்சையை நுணுக்குக்காட்டியில் பார்க்கையில் முதிராக் கலங்கள் நூற்றுக்கு ஐந்துக்கும் குறைவாயிருப்பதே 'அடங்கியது' என்பதன் முதல் அளவுகோல். நோய் கண்ட வேளையில் உடலில் ஏறத்தாழ ஓர் இலட்சங் கோடி நோய்க்கலங்கள் இருக்கும். நூற்றுக்குத் தொண்ணூற்றொன்பது அழிந்தாலும் ஆயிரங் கோடி எஞ்சும். நண்பருக்கு இக்கணக்கை விளக்கவேண்டியிருக்கவில்லை. கேட்டதும் அவர் மௌனமானார்.

எஞ்சியவற்றை எண்ணுவதற்குக் கலங்களின் மேற்பரப்பிலுள்ள புரதங்களே துணை. சீ.டி. 19, சீ.டி. 10, சீ.டி. 34 என அவற்றுக்கு இலக்கமிடும் முறை 1982 இல் பாரிஸ் மாநாட்டில் தொடங்கியது. குறித்த ஒரு புரதத்தையே பற்றும் பிறபொருளெதிரியில் ஒளிரும் சாயத்தைப் பிணைத்துக் கலங்களோடு கலப்பார்கள். பின்னர் அவற்றை ஒவ்வொன்றாக லேசர் ஒளியின் முன்னே ஓடவிடுவார்கள். சில நிமிடங்களில் இலட்சக்கணக்கான கலங்கள் கடந்து செல்லும்.

ஆயினும் இது எளிய வேலையன்று. மருந்தின் அழிவிலிருந்து மச்சை மீளும்போது நல்ல இளங்கலங்களும் பெருகி, அதே சீ.டி. 19, 10, 34 ஆகியவற்றைத் தாங்கி நிற்கும். தனியோர் அடையாளத்தை வைத்து எக்கலத்தையும் குற்றவாளியாக்க இயலாது. இருக்கத் தகாத புரதம் இருக்கிறதா, இருக்கவேண்டியது மங்கியுள்ளதா என்று பலவற்றைச் சேர்த்தே பார்க்கவேண்டும். அவ்வாறு பார்த்தால் பத்தாயிரத்தில் ஒரு நோய்க்கலமும் அகப்படும். ஊசியின் முதல் உறிஞ்சலையே இதற்கு அனுப்பவேண்டும்; அடுத்தவற்றில் குருதி கலந்து கணக்கு பொய்த்துவிடும்.

இவையனைத்துக்கும் ஆதாரம் 1975 இல் கேம்பிரிட்ஜில் சேசர் மில்ஸ்டீனும் ஜோர்ஜ் கோலரும் கண்ட முறை. ஒரே வகைப் பிறபொருளெதிரியை வேண்டுமளவு ஆக்கும் வழி அது. மில்ஸ்டீன் ஆர்ஜென்டீனர். 1962 இன் இராணுவப் புரட்சியின் பின் தம் நிறுவனத்தில் சகாக்கள் பழிவாங்கப்பட்டதைக் கண்டித்துப் பதவி துறந்து நாட்டைவிட்டு வெளியேறியவர். அம்முறைக்கு அவ்விருவரும் காப்புரிமை பெறவில்லை. 1984 இல் இருவருக்கும் நோபல் பரிசு பங்காகக் கிடைத்தது. அவர்கள் உரிமை கோராத அம்முறையால் ஆக்கிய எதிரிகள் இன்று சிறு குப்பிகளில் பெருவிலைக்கு விற்கப்படுகின்றன. நண்பரின் பரிசோதனைக் கட்டணத்துக்கு உடன் ஆசிரியர்கள் பணம் திரட்டினார்கள். அதே வரிசையில், அதே ஊசிக்குக் காத்திருந்த ஒரு மூட்டை தூக்குபவருக்கு எவரும் திரட்டவில்லை. 'அடங்கியது' என்ற சொல்லோடு அவர் வீடு திரும்பினார்.

ஒன்பதாம் நாள் முடிவு வந்தது: பத்தாயிரத்தில் ஒன்றுக்கும் குறைவு.

"குறைவென்றால் இல்லையென்றா பொருள்?" என்றார் நண்பர்.

அப்படி எழுதவில்லை என்றோம். தாளை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு, அந்த மூட்டை தூக்குபவரின் ஊர் எதுவென்று விசாரித்தார்.